புள்ளி சின்னது, பொறுப்பு பெரிசு: பிள்ளைங்களுக்கு இடமதிப்பும் தசமமும் சொல்லிக் கொடுப்போம்



நம்ம குழு ஒன்றில் நடந்த விஷயத்தைச் சொல்லி இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறோம். குழு பெயரும் ஊர் பெயரும் வேண்டாம்.

அந்தக் குழு உறுப்பினர்களிடம் புளி வாங்கி, சேர்த்து வைத்து விற்கிறது. ஒரு அக்கா கொண்டு வந்த புளியை எலக்ட்ரானிக் தராசில் வைத்தார்கள். தராசு 20.050 என்று காட்டியது. அன்றைக்கு ஊக்குநர் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். பக்கத்தில் நின்ற அவர் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். "நீ எழுது பாப்பா" என்று நோட்டை அவளிடம் கொடுத்தார்கள். அவள் 20.5 என்று எழுதினாள். கிலோ 120 ரூபாய் கணக்கில் 2460 ரூபாய் பட்டுவாடா ஆனது. மாதக் கடைசியில் தராசுச் சீட்டோடு ஒத்துப் பார்த்தால் 2406 ரூபாய்தான் வருகிறது. வித்தியாசம் 54 ரூபாய்.

54 ரூபாய் பெரிய பணம் இல்லை. ஆனால் பேச்சு பெரிசாகிவிட்டது. "ஆறையும் பூஜ்யத்தையும் வேணும்னே இடம் மாத்தி எழுதியிருக்காங்க" என்று ஒருவர் சொன்னார். "ரெண்டு பேரும் சொந்தக்காரங்கதானே" என்று இன்னொருவர் சொன்னார். புளி கொடுத்த அக்கா இரண்டு கூட்டத்துக்கு வரவே இல்லை. அந்தச் சின்னப் பெண்ணுக்கு வீட்டில் நல்ல திட்டு. "உனக்குக் கணக்கே வராதுடி" என்று சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து அவள் குழு நோட்டைத் தொடுவதில்லை. பள்ளியிலும் கணக்குப் பாடம் வந்தால் தலையைக் குனிந்து கொள்கிறாள் என்று தெரிந்தது.

கணக்கைச் சரிபார்க்கப் போன நாங்கள் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "ஏன் கண்ணு அப்படி எழுதினே?" என்று கேட்டோம். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் மெல்லச் சொன்னாள்: "பூஜ்யத்துக்கு மதிப்பு இல்லைன்னு சொல்லிக் கொடுத்தாங்க. அதான் ரெண்டு பூஜ்யத்தையும் விட்டுட்டேன்."

அவள் யோசித்துத்தான் எழுதியிருக்கிறாள். பூஜ்யத்துக்குத் தனியாக மதிப்பு இல்லை என்பது பாதி உண்மை. அது ஒரு இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்கிற மீதிப் பாதியை அவளுக்கு யாரும் காட்டவில்லை. அந்த மீதிப் பாதியைத்தான் இந்த மாதம் நாம் பேசப் போகிறோம்.

"எங்களுக்கே படிப்பு இல்லையே, நாங்க எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது?" என்று நினைக்க வேண்டாம். சந்தையில் சில்லறை எண்ணுகிறோம். பால் ஊற்றுகிறோம். குழுவில் வட்டி போடுகிறோம். இந்தக் கணக்கு நம்ம கையில் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பிள்ளைங்க கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எடுத்து வைத்தால் போதும்.

இடம் மாறினால் மதிப்பு மாறும்

முதலில் புள்ளி இல்லாத எண்ணைப் பார்ப்போம். இது பிடிபடாத பிள்ளைக்குப் புள்ளி வைத்த எண் ஒருநாளும் பிடிபடாது.

முற்றத்தில் சாக்கட்டியால் பக்கத்துப் பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள். வலது கோடியில் இருப்பது ஒன்றுகள். நடுவில் பத்துகள். இடது கோடியில் நூறுகள். விளக்குமாற்றிலிருந்து ஒரு பிடி ஈர்க்குச்சி ஒடித்துக் கொள்ளுங்கள். விதி ஒன்றே ஒன்றுதான்: எந்தக் கட்டத்திலும் ஒன்பதுக்கு மேல் இருக்கக் கூடாது. பத்தாவது குச்சி வந்ததும் பத்தையும் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு ஒரு கட்டாக்கி, இடது கட்டத்துக்கு அனுப்ப வேண்டும். பத்துக் கட்டு சேர்ந்தால் அதையும் சேர்த்துக் கட்டி நூறுகள் கட்டத்துக்கு அனுப்ப வேண்டும்.

பிள்ளையை ஒவ்வொரு குச்சியாக வைக்கச் சொல்லுங்கள். ஒன்பது வரைக்கும் ஒன்றும் நடக்காது. பத்தாவதில்தான் கட்டு நகரும். கட்டை அவர்கள் கையாலேயே கட்டட்டும். நாம் கட்டிக் கொடுத்தால் கை வேலை நமக்கு, வேடிக்கை அவர்களுக்கு என்று ஆகிவிடும்.

அப்புறம் 23 வைக்கச் சொல்லுங்கள். இரண்டு கட்டு, மூன்று குச்சி. 32 வைக்கச் சொல்லுங்கள். மூன்று கட்டு, இரண்டு குச்சி. அதே 2, அதே 3. நிற்கிற இடம் மாறியதும் மதிப்பு மாறிவிட்டது. புளிக் கணக்கில் 2406, 2460 என்று வந்ததும் இதே கதைதான். ஒன்றாம் இடத்தில் நிற்கிற 6 ஆறு ரூபாய். பத்தாம் இடத்துக்குப் போனால் அறுபது ரூபாய்.

பூஜ்யம் என்றால் 'வரவில்லை'

நம்ம வருகைப் பதிவேட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு உறுப்பினர் அன்றைக்கு வரவில்லை என்றால் என்ன செய்கிறோம்? அவர் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று குறிக்கிறோம். பெயரையே அடித்துவிட்டு அடுத்தவர் பெயரை மேலே ஏற்றுவோமா? ஏற்றினால் ஒருவர் சேமிப்பு இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும்.

பூஜ்யமும் அப்படித்தான். 205 என்றால் இரண்டு பெரிய கட்டு இருக்கிறது, பத்துக் கட்டு ஒன்றும் வரவில்லை, ஐந்து குச்சி இருக்கிறது. நடுவில் இருக்கிற 'வரவில்லை' என்கிற குறியை எடுத்துவிட்டால் 25 ஆகிவிடும். இந்த உதாரணத்தைச் சொன்னபோது அந்தச் சின்னப் பெண் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

நூற்றைந்தும் தொண்ணூறும் செய்கிற குழப்பம்

தமிழில் எண்ணுப் பெயர்கள் பெரும்பாலும் பிள்ளைகளுக்கு உதவி செய்கின்றன. முப்பத்தைந்து என்றால் மூன்று பத்தும் ஐந்தும். காதில் கேட்கிற மாதிரியே எழுதிவிடலாம். ஆனால் இரண்டு இடத்தில் தடுக்கும்.

ஒன்று, நூற்றைந்து. பிள்ளைங்க காதில் நூறு விழுகிறது, அப்புறம் ஐந்து விழுகிறது. அதனால் 100 எழுதி, பக்கத்தில் 5 எழுதி 1005 ஆக்கிவிடுவார்கள். ஆயிரத்து ஐம்பதை 100050 என்று எழுதுகிற பிள்ளைகளும் உண்டு. இதற்குப் பழைய காலண்டர் அட்டையே போதும். அட்டையில் 100 என்று ஒரு நீளத் துண்டு, 20 என்று ஒரு நடுத்தரத் துண்டு, 5 என்று ஒரு சின்னத் துண்டு வெட்டுங்கள். எழுத்தெல்லாம் ஒரே அளவில் இருக்கட்டும். 100 மேல் 20ஐ வலது ஓரம் சேர்த்து வையுங்கள். அதன் மேல் 5ஐ வையுங்கள். மேலே பார்த்தால் 125 தெரியும். நூறின் இரண்டு பூஜ்யமும் இருபதின் ஒரு பூஜ்யமும் அடியில் ஒளிந்திருக்கும். 5 அட்டையை எடுத்தால் 120, 20 அட்டையை எடுத்தால் 105. பிள்ளைங்க இதைத் திரும்பத் திரும்ப எடுத்து எடுத்துப் பார்ப்பார்கள். பார்க்க விடுங்கள்.

இரண்டாவது, தொண்ணூறு. எழுபது, எண்பது என்று வந்த பேச்சு 90க்கு வந்ததும் 'நூறு' என்று முடிகிறது. எண்ணூறு, அடுத்தது தொள்ளாயிரம். 900க்கு 'ஆயிரம்' என்று முடிகிறது. அதனால் தொண்ணூற்று மூன்றை எழுதச் சொன்னால் சில பிள்ளைங்க நூறுகள் இடத்தில் கை வைத்து நிற்கும். இது மக்குத்தனம் இல்லை, காது செய்கிற ஏமாற்று வேலை. ஒன்பது கட்டும் மூன்று குச்சியும் வைத்துக் காட்டி, "இதுக்குப் பேருதான் தொண்ணூத்தி மூணு" என்று சொன்னால் தெளிந்துவிடும்.

புள்ளிக்கு வலது பக்கம்

இப்போது புள்ளிக்கு வருவோம். இதுவரைக்கும் இடது பக்கம் போகப் போகப் பத்து மடங்கு ஏறியது. திரும்பி வலது பக்கம் வந்தால் ஒவ்வொரு படியும் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. நூறு, பத்து, ஒன்று. அதோடு நிற்க வேண்டியதில்லை. ஒன்றையும் பத்தாகப் பிரிக்கலாம். அந்தத் துண்டையும் பத்தாகப் பிரிக்கலாம். முழுசு எங்கே முடிந்தது, துண்டு எங்கே தொடங்குகிறது என்று காட்டுவதற்குத்தான் புள்ளி. வயலுக்கு வரப்பு மாதிரி.

இதைக் காட்ட அகலமில்லாத துணி நாடா மூன்று வேண்டும். பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கொள்ளலாம். தையல் டேப்பை வைத்து மூன்றையும் சரியாக ஒரு மீட்டர், அதாவது 100 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டுங்கள்.

முதல் நாடாவை வெட்ட வேண்டாம். அது முழுசு. அதன் பெயர் 1.

இரண்டாவது நாடாவைப் பத்துச் சமத் துண்டாக வெட்டுங்கள். ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டர் இருக்கும். ஒரு துண்டு பத்தில் ஒன்று. எழுதினால் 0.1.

மூன்றாவது நாடாவிலிருந்து 10 சென்டிமீட்டர் துண்டு ஒன்று எடுத்து, அதை மறுபடியும் பத்தாக வெட்டுங்கள். ஒவ்வொன்றும் 1 சென்டிமீட்டர், விரல் நகம் அளவு இருக்கும். ஒரு துண்டு நூறில் ஒன்று. எழுதினால் 0.01. டேப்பில் ஒரு சென்டிமீட்டருக்குள்ளேயே பத்துக் கோடு இருக்கிறது பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர். மீட்டரில் ஆயிரத்தில் ஒன்று, 0.001. அதை வெட்ட வேண்டாம், காட்டினால் போதும்.

இப்போது பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "0.5 பெரிசா, 0.35 பெரிசா?"

நிறையப் பிள்ளைங்க 0.35 என்றுதான் சொல்லும். ஐந்தைவிட முப்பத்தைந்து பெரிசு இல்லையா! உடனே 'தப்பு' என்று சொல்லாதீர்கள். "சரி, நாடாவில் வச்சுக் காட்டு" என்று சொல்லுங்கள். 0.5க்கு ஐந்து பெரிய துண்டு வரிசையாக வைக்கட்டும். 0.35க்கு அதன் கீழே மூன்று பெரிய துண்டும், ஐந்து நகத்துண்டும் வைக்கட்டும். எது நீளம் என்று கண்ணே சொல்லிவிடும். தானே பார்த்துத் திருத்திக் கொண்டது மறக்காது.

அதனால்தான் 0.35ஐ "பூஜ்யம் புள்ளி மூன்று ஐந்து" என்று வாசிக்கப் பழக்க வேண்டும். "புள்ளி முப்பத்தைந்து" என்று வாசித்தால் அங்கேயே வழி தவறிவிடும்.

அந்தப் புளிக் கணக்கு

கிலோவை இதே மாதிரி பிரித்துப் பாருங்கள். ஒரு கிலோவில் பத்தில் ஒன்று 100 கிராம். நூறில் ஒன்று 10 கிராம். ஆயிரத்தில் ஒன்று 1 கிராம்.

20.050 என்றால் இருபது முழுக் கிலோ இருக்கிறது. நூறு கிராம் ஒன்றும் வரவில்லை. பத்துக் கிராம் ஐந்து வந்திருக்கிறது. ஒரு கிராம் ஒன்றும் வரவில்லை. ஆக 20 கிலோ 50 கிராம். ஆனால் 20.5 என்றால் நூறு கிராம் ஐந்து, அதாவது 20 கிலோ 500 கிராம். இரண்டுக்கும் நடுவில் 450 கிராம் இருக்கிறது. அதுதான் 54 ரூபாய்.

இரண்டு பூஜ்யத்தில் கடைசிப் பூஜ்யத்தை விட்டிருந்தால் நஷ்டம் இல்லை. 20.05ம் 20.050ம் ஒன்றுதான். கோடியில் இருக்கிற அந்தப் பூஜ்யத்துக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை, அது போனால் யார் இடமும் மாறாது. புள்ளிக்கும் 5க்கும் நடுவில் நின்ற பூஜ்யத்தை எடுத்ததுதான் வினை. 5 ஒரு படி முன்னால் வந்து பத்து மடங்கு ஆகிவிட்டது.

பாட்டி கணக்கும் புள்ளிக் கணக்கும்

நம்ம பாட்டிமார் எல்லாவற்றையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். ஒன்றில் பாதி அரை. அதில் பாதி கால். அதில் பாதி அரைக்கால். அதிலும் பாதி மாகாணி. படியில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு, உழக்கில் பாதி ஆழாக்கு. ரூபாயும் அப்படித்தான் இருந்தது. 16 அணா ஒரு ரூபாய், எட்டணா அரை ரூபாய், நாலணா கால் ரூபாய். பாகம் பிரிக்க அது வசதியான கணக்கு.

நாடு முழுக்க ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று 1956ல் எடை, அளவுச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 பைசா என்று ஆனது. பாதிக் கணக்கு போய்ப் பத்துக் கணக்கு வந்தது. பள்ளியில் படிக்கிற தசமம் என்பது இந்தப் பத்துக் கணக்குதான்.

வீட்டில் பெரியவர்கள் கால், அரை என்று பேசுகிறார்கள். தராசும் பள்ளிப் புத்தகமும் புள்ளியில் பேசுகின்றன. பிள்ளை நடுவில் நிற்கிறது. இரண்டையும் நாடாவை வைத்தே சேர்த்துவிடலாம்.

அரை என்றால் பத்துத் துண்டில் ஐந்து, 0.5. இது சுலபம். கால் என்றால்? பத்துத் துண்டையும் நாலு பிள்ளைங்களுக்குச் சமமாகக் கொடுங்கள். ஆளுக்கு இரண்டு வரும், இரண்டு துண்டு மீதி நிற்கும். அந்த இரண்டையும் பத்துப் பத்தாக வெட்டினால் இருபது நகத்துண்டு. நாலு பேருக்கு ஆளுக்கு ஐந்து. ஆக ஒருவருக்கு இரண்டு பெரிய துண்டு, ஐந்து நகத்துண்டு. அதுதான் 0.25. கால் ஏன் 0.25 என்பதைப் பிள்ளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, பங்கு போட்டுத் தெரிந்து கொள்ளும். அப்படியே முக்கால் 0.75. அரைக்கால் 0.125. வீட்டில் பாட்டி இருந்தால் இந்த விளையாட்டுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர்கள் மாகாணி வரைக்கும் சொல்வார்கள்.

பிள்ளைங்க தடுமாறுகிற இடங்கள்

1. கால்குலேட்டரில் வருகிற வட்டி. 1250 ரூபாய்க்கு மாதம் 1 சதவீதம் வட்டி போட்டால் கால்குலேட்டர் 12.5 என்று காட்டும். இதை 12 ரூபாய் 5 காசு என்று எழுதிவிடக் கூடாது. ரூபாயில் பத்தில் ஒன்று பத்துக் காசு. ஐந்து பத்துக் காசு என்றால் 50 காசு. ஆக 12 ரூபாய் 50 காசு. 5 காசு என்றால் 12.05 என்று இருக்கும். நாம் படிக்கும்போது காசைக் கையில் எண்ணியே இதைத் தெரிந்து கொண்டோம். 25 காசும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போய்விட்டன. இன்றைய பிள்ளைங்க அதைப் பார்த்ததே இல்லை. அதனால் காசை வைத்து மட்டும் சொன்னால் அவர்களுக்குப் பிடிபடாது. நாடாவும் தராசும் வேண்டும்.

2. போனில் வருகிற பேங்க் மெசேஜ். 1500.00 என்று வந்தால் அது ஆயிரத்து ஐநூறுதான். புள்ளியைக் கவனிக்காமல் ஒன்றரை லட்சம் என்று பயந்து போன பெரியவர்களும் உண்டு. மெசேஜைப் பிள்ளையிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நமக்கும் தெரியும், அவர்களுக்கும் பயிற்சி.

3. கூட்டல். 1.5 கிலோ சர்க்கரையும் 0.25 கிலோ சர்க்கரையும் சேர்த்தால் எவ்வளவு? சில பிள்ளைங்க வலது ஓரம் சேர்த்து எழுதி 15ம் 25ம் 40 என்று கூட்டிவிடும். ஓரத்தைச் சேர்க்கக் கூடாது. புள்ளிக்கு நேர் கீழே புள்ளி வர வேண்டும். 1.50, அதன் கீழே 0.25, கூட்டினால் 1.75. வீட்டில் கேஸ் சிலிண்டர் இருந்தால் அதிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. உள்ளே கேஸ் 14.2 கிலோ. காலி சிலிண்டர் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும். 15.3 என்று இருந்தால் மொத்தம் 29.5 கிலோ இருக்க வேண்டும். சிலிண்டர் வரும்போது பிள்ளையைக் கூட்டச் சொல்லி, எடை போட்டுப் பார்த்து வாங்குங்கள். கணக்கும் ஆச்சு, நம்ம பணத்துக்குக் காவலும் ஆச்சு.

4. தசமம் இல்லாத புள்ளி. கிரிக்கெட்டில் 4.3 ஓவர் என்றால் நாலு ஓவரும் மூன்று பந்தும். ஓவருக்கு ஆறு பந்து, பத்து இல்லை. அதனால் அது நாலரை ஓவர். 1.30 மணி நேரம் என்று எழுதினால் ஒன்றரை மணி நேரம். தசமத்தில் அது 1.5. பையன்களிடம், "கிரிக்கெட் புள்ளியும் தராசுப் புள்ளியும் ஒண்ணா?" என்று கேட்டுப் பாருங்கள். நன்றாக விவாதம் செய்வார்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட புள்ளி

புளியில் போனால் 54 ரூபாயோடு போகும். எல்லா இடத்திலும் அப்படி இல்லை.

காய்ச்சலுக்கு வைக்கிற தெர்மாமீட்டரில் 100.4க்கும் 104க்கும் எவ்வளவு வித்தியாசம்! உடம்புச் சூடு சாதாரணமாக 98.6ஐ ஒட்டி இருக்கும். 100.4 காய்ச்சல். 104 என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டிய காய்ச்சல். மூன்று மாதம் ஆகாத கைக்குழந்தைக்கு 100.4 இருந்தாலே உடனே காட்ட வேண்டும். அம்மா வேலைக்குப் போன நேரத்தில் தெர்மாமீட்டரைப் பார்த்துப் போனில் சொல்வது பத்து வயசு அக்காதான்.

பிறந்த குழந்தையின் எடையும் அப்படித்தான். 2.5 கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை, கூடுதல் கவனிப்பு வேண்டும். 2.05 கிலோ என்பதை யாராவது 2.5 என்று எழுதிவிட்டால் அந்தக் குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய கவனிப்பு கிடைக்காமல் போய்விடும். ஒரு பூஜ்யம் 450 கிராமை மறைத்துவிடும். புளியில் மறைந்ததும் அதே 450 கிராம்தான்.

வீட்டில் செய்ய வேண்டியது

தினமும் பத்து நிமிடம் போதும். டியூஷன் மாதிரி உட்கார வைக்க வேண்டாம்.

கடைக்குப் போகும்போது பிள்ளையைத் தராசுக்கு நேரே நிறுத்துங்கள். தராசு 0.250 காட்டினால், "இது எத்தனை கிராம்? நம்ம பேச்சில் என்ன சொல்லுவோம்?" என்று கேளுங்கள். 250 கிராம், கால் கிலோ என்று இரண்டும் வர வேண்டும்.

தையல் தெரிந்த சகோதரிகள் அளவு எடுக்கும்போது பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். 36 சென்டிமீட்டரும் 5 மில்லிமீட்டரும் என்றால் 36.5. பால் ஊற்றுகிறவர்கள் வீட்டில் கொழுப்புச் சத்து எழுதிய அட்டை இருக்கும். நேற்று 4.1, இன்று 3.9 என்றால் எது கூடுதல் என்று கேளுங்கள். 9ஐப் பார்த்து 3.9 என்று சொல்கிற பிள்ளைக்கு மறுபடியும் நாடாவை எடுங்கள்.

பிள்ளை தப்பாகச் சொன்னால், "எப்படி வந்துச்சு, சொல்லு பார்ப்போம்" என்று கேட்டுப் பழகுங்கள். சரியாகச் சொன்னாலும் அதே கேள்வியைக் கேளுங்கள். தப்புக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தால்தான் திருத்த முடியும். "பெண் பிள்ளைக்குக் கணக்கு எதுக்கு", "உனக்கு வராது" என்கிற இரண்டு பேச்சும் நம் வீட்டில் வேண்டாம்.

குழுவில் செய்ய வேண்டியது

அடுத்த மாதக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, நாடாவை வெட்டி நாமே ஒரு தடவை செய்து பார்ப்போம். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த சகோதரிகள் முதலில் வைக்கட்டும்.

பிள்ளைகள் கணக்கு எழுத உதவி செய்வது நல்லதுதான். ஆனால் எழுதியதை இன்னொரு பெரியவர் சத்தமாக வாசித்து, சீட்டோடு ஒத்துப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். தராசில் என்ன தெரிகிறதோ அதைப் பூஜ்யத்தோடு அப்படியே எழுத வேண்டும். பக்கத்திலேயே கிலோ இவ்வளவு, கிராம் இவ்வளவு என்று எழுத்தாலும் எழுதிவிட்டால் சண்டைக்கே இடம் இல்லை. இதைத் தீர்மான நோட்டில் எழுதி வைக்கும்படி எல்லாக் குழுக்களையும் கேட்டுக் கொள்கிறோம். கணக்கு எழுதும் பொறுப்பு பெரியவர்களுடையது. தப்பு வந்தால் குழந்தை தலையில் போடக் கூடாது.

அந்தக் குழுவில் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். அடுத்த கூட்டத்துக்குப் புளி அக்காவை ஊக்குநரே வீட்டுக்குப் போய் அழைத்து வந்தார். சின்னப் பெண் எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்து, படிக்கல்லை வைத்துக் காட்டினாள். ஒரு பக்கம் 50 கிராம் கல், இன்னொரு பக்கம் 500 கிராம் கல். "இதுதான் 20.050ல இருக்கிறது, இதுதான் நான் எழுதினது" என்றாள். 'இடம் மாத்தி எழுதினாங்க' என்று சொன்ன சகோதரி அந்த இரண்டு கல்லையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, புளி அக்கா பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். 54 ரூபாயை அக்கா அடுத்த மாதப் புளியில் கழித்துக் கொள்ளச் சொல்லிவிட்டார்.

இப்போது அந்தக் குழுவில் எடை போடும்போது எழுதுவது ஊக்குநர். சத்தமாக வாசிப்பது அந்தப் பெண். "இருபத்தி ரெண்டு புள்ளி பூஜ்யம் நாலு பூஜ்யம். இருபத்தி ரெண்டு கிலோ நாப்பது கிராம்" என்று அவள் சொன்னதும் ஊக்குநர் எழுதுகிறார்.

உங்கள் வீட்டுப் பிள்ளையோடு நாடா விளையாட்டைச் செய்து பாருங்கள். பிள்ளை எங்கே தடுமாறியது, நீங்கள் எப்படிச் சொல்லிக் கொடுத்தீர்கள் என்பதை அடுத்த கூட்டத்தில் பிரதிநிதிகளிடம் சொல்லி அனுப்புங்கள். நல்ல வழிகளை நம் மடலில் எல்லாரோடும் பகிர்ந்து கொள்வோம்.

அன்புடன்,
கூட்டமைப்பின் கல்விக் குழு